கடிகாரம் போடுற பதில்

"கன்னு தங்கலைப்பா, செத்துத்தான் பொறந்துச்சு"ன்னு சென்னையில இருக்கிற மகனுக்கு மெசேஜ் போட்டேன். அரை நிமிஷத்துல பதில் வந்துச்சு: "தேங்க்ஸ்!"

கையில கட்டியிருக்கிற கடிகாரத்துல முன்னாடியே எழுதி வச்சிருக்கிற பதிலாம் அது. விரல் பட்டாப் போயிடுமாம்.

வேலை நடுவுல எழுத முடியாதுதான், ஒத்துக்கிறேன். சேத்துல நிக்கும்போது நானும் போனைத் தொடுறதில்லை. ஆனா அந்தப் பதில்களை மாத்தி வைக்க ரெண்டு நிமிஷம் போதுமே! ஆப்பிள் வாட்ச்னா ஐபோன்ல 'வாட்ச்' ஆப், அதுல மெசேஜஸ், அதுக்குள்ள டிஃபால்ட் ரிப்ளைஸ். வேண்டாததை அழிச்சிட்டு நம்ம வார்த்தையைத் தமிழ்லயே எழுதிக்கலாம்.

அவ்வளவு காசு கொடுத்து வாங்கத் தெரிஞ்ச உங்களுக்கு, சொந்தமா ஒரு வரி எழுதத் தெரியாதா? எவனோ எழுதின வார்த்தையை ஏன் பெத்தவங்களுக்கு அனுப்புறீங்க? பதிலே வரலைன்னா, பிள்ளை வேலையா இருக்கான்னு மனசைத் தேத்திக்குவோம். இழவுச் சேதிக்கு 'தேங்க்ஸ்' வந்தா என்னன்னு தேத்திக்கிறது?

பொங்கலுக்கு வந்தவனை உக்கார வச்சு மாத்த வச்சேன்: "பாத்துட்டேன்பா, ராத்திரி கூப்பிடுறேன்."

இன்னொண்ணும் சொல்லிட்டேன். அப்படிப் போட்டா, ராத்திரி கூப்பிடணும். அதைக் கடிகாரம் செய்யாது.