சுட்டிக் காட்டுவது மீளாய்வு ஆகாது

கட்டுமானத் துறைக் கருத்தரங்குகளில் ஒரு வாதம் சலிக்காமல் ஒலிக்கிறது: மெய்நிகர்க் கண்ணாடி அணிந்துவிட்டால் கட்டடக் கலைஞர், பொறியாளர், ஒப்பந்ததாரர், உரிமையாளர் எல்லோரும் ஒரே கட்டடத்துக்குள் நிற்கிறார்கள், இனி வரைபடத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை. பார்ப்பதும் புரிந்துகொள்வதும் ஒன்றே என்ற நம்பிக்கையின்மேல் எழுப்பிய வாதம் இது. அதன் அடித்தளமே பிசகு.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஹயாட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் மாண்டனர். மூல வடிவமைப்பில், நான்காம் தளப் பாலமும் அதற்கு நேர்கீழே இரண்டாம் தளப் பாலமும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீள்கம்பிகளில் தொங்கின. பின்னர் ஒவ்வொரு கம்பியும் இரண்டாக்கப்பட்டது: மேற்கம்பி நான்காம் தள விட்டத்தோடு முடிந்தது, கீழ்க்கம்பி அந்த விட்டத்திலிருந்தே தொங்கியது. விளைவாக, மேல் விட்டத்தின் இணைப்பு இரு பாலங்களின் பாரத்தையும் சுமக்க நேர்ந்தது. அதன் சுமை இரட்டித்தது. மாற்றத்தைக் காட்டிய பட்டறை வரைபடங்கள் பொறியாளரின் முத்திரை பெற்றே வெளிவந்தன. (மூல வடிவமைப்பே கட்டட விதி கோரிய வலிமையை எட்டவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது தனிக்கதை.)

அன்று மெய்நிகர்க் கண்ணாடி இருந்திருந்தால்? பாலத்தில் உலவிவிட்டு, அழகைப் பாராட்டிக் கழற்றி வைத்திருப்பார்கள். ஒற்றைக் கம்பியும் இரட்டைக் கம்பியும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. சுமைக்கு உருவமில்லை. "இந்த நட்டின்மேல் எவ்வளவு பாரம்?" என்று ஒருவர் கேட்டால்தான் அது வெளிப்படும்.

கேள்வி மொழியில் பிறப்பது. அந்த மொழியைத்தான் இக்கருவி தேய்க்கிறது. கண்ணாடிக்குள் நிகழும் பேச்சு பெரும்பாலும் சுட்டுகளால் ஆனது: 'இதை அங்கே நகர்த்தலாம்', 'அந்தக் குழாய் இப்படியே இருக்கட்டும்'. மறுநாள் கூட்டக் குறிப்பில் 'இது' எது, 'அங்கே' எங்கே? சுட்டிய விரலோடு பொருளும் மறைந்துவிடுகிறது. பிணக்கு நடுவரிடம் சென்றால் விரல் சாட்சி சொல்லாது. பார்வைக் கோணத்தைக் குறிப்போடு சேமிக்கும் பிசிஎஃப் கோப்பு உண்டே என்பார்கள். உண்டு, அதற்குள்ளும் யாரேனும் ஒரு முழு வாக்கியம் எழுதியாக வேண்டும்.

வரைபடம் படிக்கத் தெரியாத செவிலியர் தம் அறுவை அரங்கைக் கட்டுவதற்கு முன்பே நடந்து பார்த்துக் குறை சொல்ல முடிகிறது. அந்தப் பயன் மெய்யானது. ஆனால் 'எல்லோரும்' என்ற சொல்லில் யார் யார் அடக்கம்? பெங்களூருவின் கட்டுமானக் களத்தில் கம்பி கட்டுபவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். மீளாய்வோ ஆங்கிலத்தில் நடக்கிறது. இத்தனை நெருக்கமான கம்பிகளுக்கிடையே வைப்ரேட்டர் இறங்காது என்பதை எவருக்கும் முன்பே அறிந்தவர் அவர். அவர் தலைக்குக் கண்ணாடி வருவதேயில்லை.

இத்துறை ஆய்வேடுகள் பலவும் பங்கேற்றவரின் திருப்தியை ஐந்து புள்ளி அளவுகோலில் அளந்து முடித்துக்கொள்கின்றன. அளக்க வேண்டியது வேறு: அமர்வில் எடுத்த முடிவுகளில் எத்தனையை, அங்கே இல்லாத ஒரு பொறியாளர், ஒரு மாதம் கழித்துக் குறிப்பை மட்டும் படித்துச் சரியாக வரைந்து காட்டுகிறார்? அதே குறிப்பை ஒடியாவில் வாசித்துக் காட்டினால், கம்பி கட்டுபவர் எத்தனை இடங்களில் 'இது முடியாது' என்கிறார்?