விருந்தாளியின் தட்டில் ஒளிந்திருக்கும் கோதுமை

கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சீலியாக் நோயாளரின் சிறுகுடலைச் சிதைக்கும். அத்தகைய ஒருவரைப் பிறந்தநாள் விருந்துக்கு அழைப்போர், "எங்கள் சாப்பாடு அரிசிதானே" என்று அமைதியடைந்துவிடுகின்றனர். அது போதாது. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்தோர் வீடுகளிலும் இடியப்பத்திற்கும் பிட்டிற்கும் அவித்த கோதுமை மா சேர்ப்பது வழக்கம். கடைப் பெருங்காயத்தூள் பலவற்றிலும், சாதாரண சோயா சோஸிலும் கோதுமை உண்டு.

தனி அரிசிமா இடியப்பம், சொதி, மீன்கறி, கேக்கிற்குப் பதிலாக வட்டிலப்பம். எளிய விருந்துக்கு இவை போதும். ஆனால் கோதுமை மா படாத பாத்திரமும் அகப்பையும் வேண்டும்.

"கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என வற்புறுத்துவது உபசாரமன்று. முன்கூட்டியே கேட்டறிந்து சமைப்பதே விருந்தோம்பல்.