திரும்பி வரும் துணிவு



திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆர்.கே.பேட்டை. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். தறியோசையோடு விடியும் ஊர். அண்மையில் அங்குள்ள நெசவாளர் குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். வீட்டுத் தாய் காப்பியைக் கையில் கொடுத்ததும் முறையீட்டைத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, லடாக்குக்குப் போகிறானாம். அதுவும் சைக்கிளில், தன்னந்தனியாக! நீங்களாவது புத்தி சொல்லுங்கள்."

மகனுக்கு இருபத்து நான்கு வயது, தொழிற்சாலையில் வேலை. விடுமுறை நாள்களில் விடியுமுன் புறப்பட்டு, சோளிங்கர்ப் பக்கமும் பள்ளிப்பட்டுப் பக்கமும் மிதிவண்டியில் சுற்றி வருபவர். "வெயிலும் பாறைக் குன்றும் எனக்குப் பழக்கம்தானே, ஐயா?" என்றார் அவர்.

தடுப்பதா, வாழ்த்துவதா? இரண்டையும் ஒத்திவைத்து, அவர் வைத்திருந்த வரைபடத்தை விரித்து, அப்பயணத்தின் ஒரே ஒரு நாளை மட்டும் மூவரும் எண்ணிப் பார்த்தோம். இத்தகைய மகனோ மகளோ இன்று பல வீடுகளில் இருப்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

லடாக் ஒரு பாலைநிலம், ஆனால் குளிர்பாலை. மழை மேகங்களை இமயத் தொடர் தடுத்துவிடுவதால், லே நகரில் ஓராண்டு முழுதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். ஐப்பசி அடைமழையில் நமக்கு அது ஓரிரவில் பெய்துவிடும்! மரமில்லை, நிழலில்லை, கண்ணுக்கெட்டிய தூரமும் பழுப்பு மலைகள்.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், சார்ச்சு என்னும் கூடாரத் தங்கலிலிருந்து பாங் என்னும் தங்கல் வரை உள்ள வழியே நாம் எடுத்துக்கொண்ட நாள். தொலைவு 75 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சமவெளியில் நம் இளைஞர் காலைப் பொழுதில் கடந்துவிடும் தூரம். ஆனால் சார்ச்சுவே கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆற்றோரமாகச் சிறிது தொலைவு சென்றதும் காட்டா வளைவுகள் தொடங்கும். 21 கொண்டை ஊசி வளைவுகள். அதன் மேல் 4,700 மீட்டரைத் தாண்டிய நக்கீ லா. 'லா' என்றால் கணவாய். அங்கிருந்து இறங்கி, மறுபடி ஏறினால் 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட லாச்சுலுங் லா. அதன் பின்னரே பாங். இடையில் நிலையான ஊர் ஒன்றும் இல்லை. கோடையில் மட்டும் சில கூடாரக் கடைகள் இருக்கும்.

5,000 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் பாதியைச் சற்றே மிஞ்சும். கால் வலிமை அங்கே காப்பாகாது. இளமையும் உடற்பயிற்சியும் மலைநோயைத் தடுப்பதில்லை. வலிமை உள்ளவர் விரைந்து ஏறிவிடுவதால் அவருக்கே ஆபத்து மிகுவதும் உண்டு. காலையில் விரல் விறைக்கும் குளிர். நண்பகலில் தோலைச் சுடும் வெயில். பிற்பகலில் காற்று வலுக்கும். பனி உருகிச் சாலையைக் கடக்கும் ஓடைகளில் நீர் பெருகும். ஆகவே அதிகாலையில் புறப்பட வேண்டும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். அவை தீரும்வரை மேலே ஏறக்கூடாது. ஓய்விலும் மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், உடனே கீழே இறங்க வேண்டும். இங்கேதான் இந்த வழியின் பொல்லாங்கு உள்ளது. சார்ச்சுவிலிருந்து தாழ்ந்த ஊர்களுக்குத் திரும்பவும் பாராலாச்சா கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். இறங்குவதற்கே ஏற வேண்டிய இடத்தில், தனியாள் மிதிவண்டியை நம்ப இயலாது. வண்டி ஒன்றைத் தேட வேண்டும்.

இதனால்தான் மருத்துவர்கள் ஓர் அளவு சொல்கிறார்கள்: 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒருநாள் ஓய்வு வேண்டும். நம் இளைஞரின் திட்டத்தைப் பார்த்தோம். பத்து நாள் விடுப்பு; ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை! மலையைவிட அந்த விடுப்புக் கணக்கே நம்மை அச்சுறுத்தியது.

அவருக்கு அயர்லாந்துப் பெண்மணி டெர்வ்லா மர்ஃபியின் வரலாற்றைச் சொன்னோம். 1941-இல், பத்தாம் பிறந்த நாளில் அவருக்கு ஒரு பழைய மிதிவண்டியும் ஓர் உலக வரைபட நூலும் பரிசாகக் கிடைத்தன. இந்தியாவுக்கு மிதிவண்டியில் செல்வேன் என்று சில நாள்களிலேயே முடிவு செய்தார். ஆனால் முடக்குவாதத்தால் படுத்த தாயைப் பேணுவதற்காகப் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டவர் அவர். தாய் 1962-இல் இறந்தார். 1963 சனவரியில் மகள் தனியே புறப்பட்டு, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் மலைகளைக் கடந்து அவ்வாண்டே தில்லி சேர்ந்தார். பின்னர்த் திபெத்திய அகதிக் குழந்தைகளிடையே பணி செய்தார். 2022-இல், தமது 90-ஆம் வயதில் மறைந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தும் அவருடைய வழி அவரை விட்டு எங்கும் போய்விடவில்லை.

இன்னொன்றும் சொன்னோம். தனிப்பயணம் என்பது பேச்சுக்குத்தான். அந்தச் சாலையில் கல் உடைத்துத் தார் ஊற்றுவோரில் ஜார்க்கண்டிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள் பலர். 2020 ஊரடங்கில் லடாக்கில் சிக்கிய அவர்களுள் ஒரு குழுவினரை அவர்களது மாநில அரசு விமானத்தில் ஊர் சேர்த்தது. தனியே செல்பவரும் அந்தக் கைகள் அமைத்த வழியில்தான் செல்கிறார்; கூடாரக் கடைக்காரர் தரும் சூடான தேநீரில்தான் தெம்பு பெறுகிறார். அவர்களிடம் பேசி, வழி கேட்டு, உதவி பெறக் கூசாதவரே தனியே செல்லத் தகுந்தவர்.

முடிவில் மகன் மூன்று உறுதிகள் தந்தார். விடுப்பு கூடுதலாகக் கிடைக்கும் ஆண்டில்தான் புறப்படுவது. அதற்குமுன் ஏலகிரியின் 14 வளைவுகளில் முழுச் சுமையோடு ஏறிப் பழகுவது. அது உயரத்தைக் கற்பிக்காது, சுமையைக் கற்பிக்கும். மூன்றாவது, ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவார் என்பதை எழுதி வீட்டில் வைப்பது. கைப்பேசித் தொடர்பு பல மணி நேரம் கிடைக்காத வழி அது; எத்தனை நேரம் செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டும், யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் தாய் அறிந்திருக்க வேண்டும்.

கணவாயைத் தொடுவது துணிவுதான். உடல் எச்சரிக்கும்போது, கணவாய் கண்முன்னே தெரியும்போதே, "இன்று போதும்" என்று வண்டியைத் திருப்புவது அதனினும் பெரிய துணிவு. அத்துணிவு உள்ள பிள்ளையை அனுப்பலாம். இல்லாத பிள்ளைக்கு அது வரும்வரை காத்திருக்கச் சொல்லலாம்.

நாம் விடைபெற எழுந்தபோது, அதுவரை பேசாதிருந்த தாய் மகனிடம் கேட்டார்: "அங்கே குடிக்கத் தண்ணீர் எவ்வளவுடா எடுத்துப் போகணும்?"