காய்ச்சல் தணியும் நாளில் கவனம் தேவை

டெங்குக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நான்காம், ஐந்தாம் நாளில் உடல் குளிர்ந்துவிட்டால், "அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் விட்டது" என்று வீட்டார் ஆறுதல் அடைவது இயல்பு. ஆனால், மிகுந்த விழிப்புடன் இருக்குமாறு மருத்துவர்கள் எச்சரிப்பது அந்த நாளில்தான். காரணம் விளங்க வேண்டுமானால், வல்ல இறைவன் நம் உடலுக்குள் அமைத்திருக்கும் காவற்படையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

நெஞ்செலும்பின் பின்னே தைமஸ் என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுக்களில் ஒரு பகுதி இங்கு வந்து முதிர்ச்சி பெறுகிறது. இவையே 'டி' செல்கள். இச்சுரப்பியின் பயனை 1961ஆம் ஆண்டில்தான் ஜாக் மில்லர் என்னும் அறிஞர் உலகுக்கு விளக்கினார்.

கொசுக்கடியால் டெங்கு வைரஸ் உடலில் புகுந்ததும், டி செல்களில் ஒரு வகை, வைரஸ் குடிகொண்ட செல்களைத் தேடி அழிக்கிறது. மற்றொரு வகை, எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களுக்குத் துணை நிற்கிறது. நோய் நீங்கிய பின்னும் சில டி செல்கள் பகைவனின் அடையாளத்தை நினைவில் இருத்தி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையை வென்ற உடலுக்கு மற்ற வகைகளிடமிருந்து நிலையான பாதுகாப்பு இல்லை. பழைய எதிர்ப்பொருள் புதிய வகையை முழுவதும் முறியடிக்காமல், அது செல்லுக்குள் நுழையவே வழி செய்துவிடக்கூடும். வைரஸ் பெருகப் பெருக டி செல்களும் பெருமளவில் திரண்டு வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களில் கசிவு ஏற்பட இந்த மிகுதியும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை பரவியபோது 158 பேர் இறந்தனர். கடுமையாகத் தாக்குண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்னரே முதல் வகைக்கு ஆளானவர்கள்.

எனினும், டி செல்களைப் பகையாகக் கருதுவது தவறு. கொழும்பில் இரத்த தானம் செய்தோரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அவை வலுவாகச் செயல்படுவது பாதுகாப்பே அளிக்கிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது.

வைரஸ் குறைந்து காய்ச்சல் தணியும் வேளையில்தான் கசிவு தலைகாட்டும். ஆதலால், அதற்குப் பின் இரண்டு நாள்கள் பிள்ளையின் மீது கண் வையுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்கலாகாது. நீராகாரம் போதிய அளவு கொடுங்கள்.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். துஆவும் வேண்டும், உரிய நேரத்தில் சிகிச்சையும் வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நிறைந்த நலத்தை அருள்வானாக! ஆமீன்.