குளிர்ப்பெட்டியும் பௌதிக ரசாயனமும்

வைத்தியம் வைத்தியருக்கு, ரசாயனம் ரசாயனக்காரருக்கு என்று பாகம் பிரித்துக்கொள்வது விஞ்ஞான மாணவர்களாகிய நம்மிடம் ஊறிப்போன வழக்கம். இந்தப் பாகப்பிரிவினை தவறு என்பதே என் துணிபு.

2020ஆம் ஆண்டில் வந்த எம்.ஆர்.என்.ஏ. கொரோனாத் தடுப்பூசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூலக்கூறு உடலில் தனியே சென்றால் விரைவில் சிதைந்துவிடும். அதைப் பொதிந்து காப்பது ஒரு கொழுப்பு நுண்துளி. அதிலுள்ள ஒருவகைக் கொழுப்பு, இரத்தத்தின் பி.எச். 7.4 அளவில் மின்னேற்றமின்றி அடங்கியிருக்கும். உயிரணுவினுள் அமிலம் மிகுந்த நுண்பையை அடைந்ததும் நேர் மின்னேற்றம் பெற்று, பையின் சவ்வைக் குலைத்துச் சரக்கை வெளியே விடும். பரீட்சைக்காக நெட்டுருச் செய்து மறந்துவிடுகிறோமே, அந்த அமிலச் சமநிலைக் கணக்கு அன்றோ இது!

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. பைசர் தடுப்பூசியைச் சேமிக்க முதலில் சுமார் மைனஸ் 70 டிகிரிக் குளிர் வேண்டியிருந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் அதற்கு எங்கே போகும்? அங்குள்ள பெட்டி தருவது 2 முதல் 8 டிகிரி. 2022இல் அவசர அனுமதி பெற்ற புனே ஜென்னோவா நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி, அந்தக் குளிரிலேயே கெடாதிருக்கும்படி அமைக்கப்பட்டது. நம் நாட்டுக்கேற்ற ஆராய்ச்சி என்பது இதுதான். பெட்டியே வேண்டாத மருந்து அடுத்த படி. அது வைத்தியரால் மட்டும் ஆகிற காரியமன்று.

நண்பர்களே, ஊரைவிட்டு இத்தனை தூரம் படிக்க வந்திருக்கிறோம்; பக்கத்துத் துறைக்குப் போவதா தூரம்? ஆராய்ச்சிக்குப் பொருள் தேடும்போது ஒரு மருத்துவரிடம் சென்று, "உங்களிடம் எந்த மருந்து எதனால் கெடுகிறது?" என்று கேளுங்கள். ஐந்தாண்டு உழைக்கத் தகுந்த கேள்வி அங்கே கிடைக்கும்.