சின்னக் கடைக்கு எந்த சோஷியல் மீடியா டூல்? விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். சேலம் பக்கம் வீட்டிலிருந்தே சேலை விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இளம்பிள்ளையிலிருந்து புது டிசைன்கள் வந்து இறங்கியிருக்கின்றன. போட்டோ எடுக்க வேண்டும், விலை எழுத வேண்டும். இன்ஸ்டாவில் ரீல், ஃபேஸ்புக்கில் போஸ்ட், யூடியூபில் ஷார்ட்ஸ், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட வேண்டும். நடுவில் "இந்த கலர் இருக்கா அக்கா?" என்று வரும் மெசேஜ்களுக்குப் பதில். பேக்கிங் தனி. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்.

இந்த நேரம் பார்த்துத்தான் "மாசம் இவ்ளோ கட்டுங்க, மிச்சத்தை நாங்க பார்த்துக்குறோம்" என்று டூல் விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. எது தேவை, எது தண்டச் செலவு?

இந்த டூல்கள் என்ன செய்கின்றன?

பெயர்கள் நிறைய இருந்தாலும் வேலை நான்குதான். போஸ்டரையும் வீடியோவையும் உருவாக்குவது, குறித்த நேரத்தில் பதிவிடுவது, வரும் மெசேஜ்களை ஒரே இடத்தில் காட்டுவது, எந்தப் பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று கணக்கு சொல்வது. இந்த நான்கில் தன் நேரத்தை அதிகம் தின்பது எது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெசேஜுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஆர்டரை இழப்பவருக்கு, பதிவிடும் டூலால் பெரிய லாபம் இல்லை.

காசில்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

கணிசமான தூரம் போகலாம். ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கு இரண்டிலும் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க மெட்டா பிசினஸ் சூட் இலவசம். யூடியூபுக்கு அதன் ஸ்டூடியோவிலேயே இந்த வசதி உண்டு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களை விலையோடு அடுக்கும் கேட்டலாக், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான ரெடிமேட் பதில்கள், 'பணம் வந்தது', 'பார்சல் போனது' என்று வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கும் லேபிள் எல்லாம் இருக்கின்றன. போஸ்டருக்கு கேன்வாவின் இலவசத் திட்டமே பலருக்குப் போதும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் பஃபர் போன்றவை உண்டு. அதன் இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகளை இணைக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் 10 பதிவுகளை வரிசையில் வைக்கலாம். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பத்து நாள் கவலை இல்லை.

இலவசம் நாளைக்கும் இருக்குமா?

சிக்கல் இங்கேதான். ஹூட்சூட் பல ஆண்டுகள் கொடுத்துவந்த இலவசத் திட்டத்தை 2023-ல் நிறுத்தியது. கூகுள் பிசினஸ் புரொஃபைல் மூலம் இலவசமாக உருவாக்கிய சிறு வெப்சைட்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடியது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் புது கார்டு அடிக்க வேண்டியதாயிற்று. டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதில் சேர்த்த ஃபாலோயர்களை யாராலும் வேறு செயலிக்குத் தூக்கிச் செல்ல முடியவில்லை.

அதனால் விலைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த டூல் நாளைக்கே மூடினால் கடைக்காரர் கையில் என்ன மிஞ்சும்? ஒரிஜினல் போட்டோ, வீடியோ, எழுதிய வாசகங்கள், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை டூலுக்கு வெளியேயும் ஒரு காப்பி இருக்க வேண்டும். கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரும் ஒரு ஷீட்டும் போதும்.

"256 பேருக்கு மேல போகலையே?"

வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதிலும் கடையின் நம்பரை போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இதைத் தாண்டத்தான் பலர் 'பல்க் சென்டர்' மென்பொருள்களை வாங்குகிறார்கள். வாட்ஸ்அப் விதிகள் இதை அனுமதிப்பதில்லை, நம்பரையே முடக்கிவிடலாம். கடை போர்டிலும் பில்லிலும் இருக்கும் நம்பர் பண்டிகை நேரத்தில் போனால் நஷ்டம் சின்னதாக இருக்காது. அதிகம் பேருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் வாட்ஸ்அப்பின் அதிகாரபூர்வ வழி இருக்கிறது.

பணம் கட்டுவதென்றால்?

முதலில், கட்டணம் எப்படிக் கணக்காகிறது என்று பார்க்க வேண்டும். பஃபர் கணக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. நான்கு கணக்கு என்றால் விளம்பரத்தில் பார்த்த தொகை நான்கு மடங்காகும். டாலர் விலை என்றால் மாற்று விகிதமும் 18% ஜிஎஸ்டியும் சேரும்.

அடுத்தது, தானாகப் பிடிக்கும் சந்தா. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க முன் அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். 24 மணி நேரம் முன்பே தகவலும் வர வேண்டும். அனுமதி சரியாகப் பதிவாகாவிட்டால் பணம் போகாது, திட்டமிட்ட பதிவுகளும் நின்றுபோகலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் 'சோஹோ சோஷியல்' போல, ரூபாயில் பில் போடும் டூல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சாவி யார் கையில்?

பல சின்னக் கடைகளின் பேஜை உருவாக்கியது அக்கா பையனோ, தெரிந்த டிசைனரோதான். லாகின் அவர் மெயிலில், ஓடிபி அவர் போனுக்கு. அவர் வேறு வேலைக்குப் போனாலோ, மனஸ்தாபம் வந்தாலோ பேஜும் கூடவே போகும். பாஸ்வேர்டைக் கொடுக்காமலேயே பதிவிடும் அனுமதியை மட்டும் கொடுக்க மெட்டா பிசினஸ் சூட்டில் வழி இருக்கிறது. முழுக் கட்டுப்பாடு உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். உதவுபவருக்குப் பகுதி அனுமதி போதும்.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

ஒரே ஆள் நடத்தும் கடைக்கு மெட்டா பிசினஸ் சூட், யூடியூப் ஸ்டூடியோ, வாட்ஸ்அப் பிசினஸ் மூன்றும் போதுமான தொடக்கம். ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்து, எந்த வேலையில் நேரம் போகிறதோ அதற்கு மட்டும் கட்டண டூலை, முதலில் மாதச் சந்தாவில், எடுக்கலாம். தள்ளுபடி என்று சொல்லும் வருடச் சந்தாவுக்கு அவசரம் இல்லை. அதற்கு முன்பு இன்று ராத்திரியே செய்யக்கூடிய ஒன்று உண்டு: கடை பேஜ் யார் மெயிலில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது.