புகையை விட்டவனைப் புகைக்குள் தள்ளாதீர்கள்

நான் சிகரட் குடித்த காலத்தில் இந்தத் திருகோணமலையில் என்னை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. டொக்யாட் வீதியில் நின்று ஊதினேன். மூதூர்ப் படகுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் ஜெற்றியில் நின்று ஊதினேன். பெட்டிக் கடைக்காரர் நான் வாய் திறக்க முன்னமே கோல்ட் லீஃப் ஒன்றை உருவி நீட்டுவார். கடை முகப்பில் நூலில் கட்டித் தொங்கிய லைட்டரால் பற்ற வைத்துக்கொண்டு போவேன். அப்போதெல்லாம் நான் நல்ல தொழிலாளி, நல்ல வாடிக்கையாளன். அந்தச் சனியனை விட்டொழித்த பிறகுதான் ஊருக்கு ஆகாதவனாகிப் போனேன். இது எந்த ஊர் நியாயம்?

துறைமுகத்தை அண்டிய ஒரு வேலைத்தலத்தில் களஞ்சியப் பகுதியில் வேலை செய்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். என் பிழைப்பு அங்கேதான். சில மாதங்களுக்கு முன் ஓய்வறைச் சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். சிகரட், பீடி, சுருட்டு, இலத்திரனியல் சிகரட் எதையும் கட்டடத்துக்குள் பாவிக்கக் கூடாது, பாவிப்பவர்கள் அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்துக்குச் செல்லவும் என்று அதில் இருந்தது.

ஒதுக்கப்பட்ட இடம் எது தெரியுமா? களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். நடுவில் பாதிக்கு மணல் நிரப்பிய எண்ணெய்ப் பீப்பா. மணல் தெரியாத அளவுக்குக் குத்திக் கிடக்கும் அடிக்கட்டைகள். மத்தியானச் சாப்பாடு முடிந்து பத்துப் பேர் அதற்குள் நின்றால் எதிரே நிற்பவனின் முகம் தெரியாது. வெயிலில் தகரம் கொதிக்க, புகை மேலே போக வழியில்லாமல் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். புகையை விட்டு இலத்திரனியல் சிகரட்டுக்கு, அதாவது ஈ-சிகரட்டுக்கு, மாறிய என்னையும் அதற்குள் போய் நிற்கச் சொல்கிறார்கள்.

மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். "சேர், நான் இப்ப சிகரட் தொடுறதில்ல. விட்டவனை ஏன் திரும்பவும் அதுக்குள்ள அனுப்புறீங்க?"

"எல்லாம் ஒண்டுதான் அண்ணை. மேலிடத்து ஓடர்," என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

எல்லாம் ஒன்றுதானா? அந்த ஒற்றை வரிதான் என் நெஞ்சைக் கொதிக்க வைக்கிறது. ஒன்றில்லை சேர். ஒன்றாக இருந்திருந்தால் இன்றைக்கும் நான் இருமிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

சிகரட்டில் எரிவது புகையிலை. எரிகிற இடத்தில்தான் தார் பிறக்கிறது, கார்பன் மொனொக்சைட் பிறக்கிறது. புகையில் ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபதுக்குக் குறையாதவை புற்றுநோய் தருபவை. மனிதனைப் பிடித்து வைத்திருப்பது நிக்கொட்டின், அவனைக் கொல்வது பெரும்பாலும் அந்த எரிப்பில் பிறந்த நஞ்சு. ஈ-சிகரட்டில் எதுவும் எரிவதில்லை. மின்கலத்தால் சூடாகும் கம்பியில் ஒரு திரவம் ஆவியாகிறது, அவ்வளவுதான். 2003 இல் இதைச் செய்த சீன மருந்தாளர் ஹொன் லிக் தானும் சிகரட்டுக்கு அடிமையாக இருந்தவர். அவருடைய தகப்பனும் சிகரட் குடித்து நுரையீரல் புற்றுநோயில் போனவர். தப்ப வழி தேடிய ஒரு மனிதனின் கையில் பிறந்த பொருள் இது.

நான் படித்தவனில்லை, சொல்வதை நம்ப வேண்டாம் என்கிறீர்களா? சரி, படித்தவர்கள் சொன்னதைக் கேளுங்கள். சிகரட் நுரையீரல் புற்றுநோயைத் தருகிறது என்று 1962 இலேயே அறிக்கை போட்டு உலகத்தை உலுக்கியது லண்டனில் உள்ள றோயல் கொலிஜ் ஒஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற வைத்தியர் சபை. அதே சபை 2016 இல் இன்னோர் அறிக்கை வெளியிட்டது. ஈ-சிகரட்டின் நீண்டகாலத் தீங்கு, சிகரட் புகையின் தீங்கில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்பது அதன் மதிப்பீடு. புகைப்பதை நிறுத்த நிக்கொட்டின் பட்டி, சுவிங்கம் போன்றவற்றைவிட நிக்கொட்டின் உள்ள ஈ-சிகரட் கூடுதலானவர்களுக்கு உதவுகிறது, அதற்கு உறுதியான சான்று இருக்கிறது என்று 2022 இல் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

இன்னொன்றையும் கேளுங்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2016 இல் வேலைத்தலங்களுக்கு ஓர் ஆலோசனை கொடுத்தது. வேப் என்கிற ஈ-சிகரட் பாவிப்பவர்களைப் புகைப்பவர்கள் நிற்கும் இடத்தில் போய் நிற்கும்படி கட்டாயப்படுத்துவது ஏற்கத்தக்கதே அல்ல என்றது. விட்டவன் திரும்பவும் பழக்கத்தில் விழுவான் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. எங்கள் தகரக் கொட்டிலைக் கண்ணால் காணாமலே அவர்களுக்கு அது விளங்கியது. இங்கே தினமும் காண்பவர்களுக்கு விளங்கவில்லை.

அந்தக் கொட்டிலுக்குள் நிற்பது என்ன பாடு என்று விட்டவனைக் கேளுங்கள். பழகின மூக்கு அந்த வாசத்தை மறப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், என்னோடு மூட்டை சுமந்தவர்கள்தான். பாசத்தோடுதான் நீட்டுகிறார்கள். "அண்ணை, உந்தப் பேனையை வச்சிட்டு இதை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ." ஒரு தரம் கை நீண்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தக் கை நீளாமல் இருக்க நான் படுகிற பாடு அறிவித்தல் ஒட்டியவருக்குத் தெரியுமா?

டுபாய்த் துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கப் போன இடத்தில்தான் நான் சிகரட்டை விட்டேன். ஐக்கிய அரபு இராச்சியம் 2019 இல் ஈ-சிகரட் விற்பனையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கூட இருந்த மலையாளப் பெடியன் ஒருவன் அதைக் கையில் தந்தான். முதலில் நாளுக்குப் பாதிச் சிகரட் குறைந்தது, பிறகு ஒன்றிரண்டாகியது, பிறகு அதுவும் நின்றது. சோற்றின் மணம் மூக்குக்குத் திரும்பி வந்தது. படியேறினால் இளைப்பில்லை. வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது மனுசி, "என்னப்பா, இருமல் சத்தம் கேக்கேல்ல?" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை எந்தச் சம்பளமும் தந்ததில்லை.

பயத்தினால்தான் விட்டேன். என் மூத்த அண்ணன் பீடி குடித்தவர். மூட்டை இறக்கியே பிள்ளைகளை ஆளாக்கியவர். நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். திருகோணமலை ஆஸ்பத்திரியில் இருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரவு ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். படுத்தால் மூச்சு வராது, இருந்தபடியே வந்தார். கல்லோயாச் சந்தியில் ரயில் நின்றபோது என் கையைப் பிடித்து மெதுவாக ஒன்று கேட்டார். தண்ணீர் கேட்கிறார் என்று போத்தலைத் திறந்தேன். அவர் கேட்டது பீடி.

அதுதான் இந்தப் பழக்கத்தின் பிடி. மூச்சுக்குத் தவிக்கிறவனே அதைக் கேட்கிறான். "மனசு வச்சா விடலாம்" என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ரயில் பெட்டியில் என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மனம் மட்டும் போதாது, கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டும். எனக்கு அது கிடைத்தது. என் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் பேசுகிறவர்களுக்கு வருகிறேன். இலங்கை 2003 நவம்பரில் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. 2006 இல் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டம் வந்தது. மூடிய பொது இடங்களில் புகைக்கக் கூடாது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது என்றது. பிறகு பெட்டியின் 80 சதவீதத்தில் எச்சரிக்கைப் படம் வந்தது. இவை அத்தனைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தச் சட்டங்கள் முன்னமே வந்திருந்தால் என் அண்ணன் இன்றைக்கும் இருந்திருக்கலாம்.

ஆனால் 2016 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடை செய்தது. அதே நாட்டில் எரிகிற சிகரட்டுக்கு அந்தத் தடை வந்ததா? இல்லை. அது சட்டப்படி உற்பத்தியாகிறது, வரி கட்டுகிறது, பெட்டிக் கடையில் தனித்தனியாகவும் கிடைக்கிறது. 30 அறைக்குக் குறையாத ஹோட்டல் புகைப்பதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கலாம் என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. நிலாவெளிக்கு வருகிற உல்லாசப் பயணி புகைக்க ஓர் அறை இருக்கலாம். புகையை விட்ட கூலிக்காரன் புகையில்லாமல் நிற்க ஒரு மூலை இருக்கக் கூடாதா?

புகையிலையால் இந்த நாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 20,000 பேர் சாகிறார்கள் என்று சுகாதாரத் துறையினர் ஒவ்வொரு மே 31 இலும் சொல்கிறார்கள். உலகத்தில் அந்தத் தொகை 70 இலட்சத்தைத் தாண்டுகிறது. கொல்கிறதைக் கடையில் வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து தப்ப உதவுவதைக் கடத்தல் பொருளாக்கி வைத்திருக்கிறீர்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். தமிழ்நாடு ஈ-சிகரட்டை 2018 இல் தடுத்தது, 2019 இல் முழு இந்தியாவும் சட்டம் போட்டுத் தடுத்தது. பீடிக்கட்டு மட்டும் எல்லாக் கடையிலும் தொங்குகிறது.

உடனே பிள்ளைகளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இதைக் கொடுக்கிறவனைச் சிறையில் போடுங்கள், நானே வந்து சாட்சி சொல்கிறேன். நிக்கொட்டின் அடிமைப்படுத்தும், வளர்கிற மூளைக்குக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ஒருநாளும் புகைக்காதவன் இதைத் தொடவே கூடாது. உலக சுகாதார அமைப்பு இதைப் பற்றிக் கடுமையாக எச்சரிக்கிறது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் பிள்ளையைக் காப்பாற்ற வயதெல்லை இருக்கிறது, கடைக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, மிட்டாய்ச் சுவைக்குத் தடை இருக்கிறது. எறிந்துவிடும் வேப்புகளை இங்கிலாந்து 2025 யூனில் தடை செய்தது. சிகரட்டை விட்டவன் திரும்ப நிரப்பிப் பாவிப்பதை அது தடுக்கவில்லை. பிள்ளையைக் காக்கத் தகப்பனைத் தகரக் கொட்டிலுக்குள் அனுப்ப வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் வேப் பிடித்துச் செத்தார்களே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மை. 2019 இல் தொடங்கி அங்கே 2,800 பேர் வரை ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காரணமாக இருந்தது எது? களவாக விற்ற கஞ்சா எண்ணெயில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற். கள்ளச் சந்தை கொன்றது. அந்தக் கள்ளச் சந்தையைத்தான் தடை என்ற பெயரில் நீங்கள் இங்கே வளர்க்கிறீர்கள். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று பரிசோதிக்க ஓர் அதிகாரி இல்லை, தரம் எழுத ஒரு சீட்டு இல்லை. டுபாயிலிருந்து நான் கொண்டுவந்தது தீர்ந்துகொண்டு வருகிறது. தீர்ந்த அன்றைக்குச் சட்டப்படி எனக்குக் கிடைக்கப்போவது சிகரட் மட்டும்தான். அது எப்படி இருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

பக்கத்தில் இருப்பவருக்கு ஆவி படாதா என்று கேட்டால், படும். அதில் கொஞ்சம் நிக்கொட்டினும் நுண்துகளும் இருக்கும். சிகரட் புகையோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. அருகில் இருப்பவர்களுக்கு இதுவரை உடல்நலக் கேடு எதுவும் இனங்காணப்படவில்லை என்று இங்கிலாந்தின் அதே சுகாதாரத் துறை 2018 இல் எழுதியது. அப்படி இருந்தும் சாப்பாட்டு மேசையில் ஆவி விட நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ பேருந்திலோ கேட்கவில்லை. கூட வேலை செய்பவருக்குப் பிடிக்காவிட்டால் அவர் முன்னால் எடுக்கவும் மாட்டேன். எந்தக் கம்பனிக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. என் அண்ணனின் உயிரைக் குடித்த வியாபாரத்தோடு எனக்கு உறவு வேண்டாம்.

நான் கேட்பது சின்ன விசயம். புகைப்பவர்களுக்குக் கொட்டில் போட்ட கைகள் விட்டவர்களுக்கு வேறு ஒரு மூலையைக் காட்டட்டும். யன்னல் உள்ள ஒரு பழைய அறை போதும், படிக்கட்டின் கீழ் ஓர் இடம் போதும். தடை போடுகிறவர்கள் போடுவதற்கு முன் விட்டவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கட்டும். சுகாதார அமைச்சும் புகையிலை, மதுசார அதிகாரசபையும் 2016 ஆம் ஆண்டு வர்த்தமானியை மீண்டும் எடுத்துப் பார்க்கட்டும். வளர்ந்தவர் சிகரட்டை விடுவதற்கு, வைத்தியரின் கண்காணிப்பில், தரம் பார்த்த பொருளைப் பெற ஒரு சட்ட வழி திறக்கட்டும். திறக்க முடியாதென்றால், எரிகிற சிகரட்டையும் அதே வர்த்தமானியில் சேர்த்துத் தடை செய்யட்டும். அதற்கும் நான் சம்மதம். ஒன்றுக்குக் கதவைத் திறந்து வைத்து, மற்றதை மட்டும் பூட்டி வைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்து வைத்தியர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, தொழிற்சங்கத்துத் தோழர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் வேலைத்தலத்திலும் இப்படி ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விட்டவனையும் புகைப்பவர்களின் இடத்துக்கு அனுப்புகிற அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். சிகரட்டை விற்கவிட்டு, அதை விட்டவனைச் சிகரட்டுக்காரர்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துகிற சட்டம் சுகாதாரச் சட்டமல்ல. அது அநியாயம்.